புருனேயில் என் தம்பியின் பெயர்

புருனே என்று ஒரு நாடு இருப்பது எங்கள் பக்கத்தில் அங்கே ஆள் போன வீடுகளுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது 'சிங்கப்பூர் பக்கம்'. சுற்றிப் பார்க்க அங்கே போய் வந்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. நானும் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கட்டிட வேலையில் சாரம் சரிந்து இறந்துபோன என் தம்பியின் உடலை ஊருக்குக் கொண்டுவரப் போனேன். நான்கு நாள் பயணம். பத்து மாதக் குழந்தையைத் தஞ்சாவூரில் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

முறைப்படி அண்ணன் போயிருக்க வேண்டும். அண்ணனால் போக முடியாது. அண்ணன் பெயரில்தான் தம்பி போயிருந்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கிராமங்களில் இது பெரிய அதிசயம் இல்லை. பத்தாவது பாஸ் செய்தவன் சர்டிபிகேட்டில் எட்டாவதோடு நின்றவன் போவான். வயது போதாதவன் அண்ணன் வயதில் போவான். ஏஜென்ட் கேட்டது பத்தாவது பாஸ். அண்ணன் கலியமூர்த்தி பத்தாவது பாஸ், தம்பி இளங்கோவன் எட்டாவது. அண்ணனுக்கு வயலை விட்டுப் போக மனமில்லை, தம்பிக்கு வயலில் நிற்க மனமில்லை. சர்டிபிகேட் அண்ணனுடையது, போட்டோ தம்பியுடையது, பாஸ்போர்ட் வந்துவிட்டது. "எம்பேர எடுத்துக்கிட்டுப் போடா, வர்றப்ப பத்திரமா திருப்பிக் குடு" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே வழியனுப்பினான். அது ஆறு வருடத்துக்கு முன்பு.

ஆக, புருனேயில் இறந்தது கலியமூர்த்தி. ஊரில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருப்பதும் கலியமூர்த்தி.

சும்மா பெயர்தானே என்று விட முடியாது. அப்பா பண்ணையாளாக இருந்தவர். கூலிச் சண்டைகளில் அடிபட்டவர். வயலில் செங்கொடி, ஓட்டுப் பெட்டியில் கறுப்பு சிவப்பு என்று இரண்டு பக்கமும் வாழ்ந்தவர். உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் ஒரு ஏக்கர் அவருக்குக் கிடைத்தது. அவருக்குப் பிறகு பட்டா அண்ணன் பெயரில் மாறியது. இப்போது அந்த வழியாக எண்ணெய்க் குழாய் பதிக்க அளந்திருக்கிறார்கள். பழைய பண்ணையின் பேரன், நிலம் இன்னமும் தன்னுடையதுதான் என்று சொல்லி, குழாய்க்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டான். அண்ணன் கோர்ட்டுக்குப் போனான். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கலியமூர்த்தி செத்துட்டான்னு ஒரு நாட்டு சர்க்காரே சர்டிபிகேட் குடுத்துச்சுன்னா, மொத வேலையா அதத்தாம்மா ஜட்ஜ் முன்னாடி வெப்பாங்க."

அண்ணனிடம் சொன்னேன். "நான் செத்துட்டேன்னே வெச்சுக்க மலரு. தம்பிய கொண்டாந்து சேரு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றான். அம்மா கோர்ட் பற்றியெல்லாம் பேசவில்லை. "புள்ளைய கொண்டாந்துரு" என்றாள், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் விசாரணை. உடல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் தம்பி வந்துவிடுவான். அண்ணன் தாளில் இறந்தவனாவான். அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். வீட்டில் என்னிடம் மட்டும்தான் பாஸ்போர்ட் இருந்தது. "வாக்கா, வந்து ஒரு தடவ பாரு, காடா கெடக்கும்" என்று தம்பி வற்புறுத்தி, கல்யாணமான வருடம் எடுக்க வைத்தது.

போய் இறங்கியது வியாழக்கிழமை மத்தியானம். விமான நிலையம் பரீட்சை ஹால் மாதிரி இருந்தது. யாரும் யாரையும் கூவி அழைக்கவில்லை. தம்பியோடு வேலை பார்த்த செல்லதுரை என்ற பையன், பேராவூரணிக்காரன், கம்பெனி வேனோடு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கைகூப்பினான்.

"கலியமூர்த்தியண்ணன் தங்கச்சிதானக்கா நீங்க?"

தம்பிக்கு நான் மூன்று வயது மூத்தவள். ஆமாம் என்றேன். நாட்டுக்குள் காலடி வைத்ததும் சொன்ன முதல் பொய்.

தம்பி வேலை பார்த்த செரியா ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற எண்ணெய் ஊர். ரோடு வழவழவென்று கிடந்தது. இரண்டு பக்கமும் காடு. ஒரு டீக்கடை இல்லை, கட்சிக்கொடி இல்லை, கண்ணீர் அஞ்சலி பேனர் இல்லை. பாதி வழியில் டயர் பஞ்சர். வேன் ஓட்டிய மலாய்க்காரர் இறங்கி, எட்டிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் ஜாக்கியை எடுத்தார். எங்கள் மன்னார்குடி ரோட்டில் இது நடந்திருந்தால் பத்துப் பேர் கூடியிருப்பார்கள், பத்தும் பத்து யோசனை. இங்கே கால் மணி நேரம் ஒரு வண்டியும் வரவில்லை. டிரைவர் செல்லதுரையிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"உங்க ஊர்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவீங்களாமே, நெஜமாங்கறாருக்கா."

அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு மார் கட்டிக்கொண்டது. குழந்தைக்கு முந்தின நாளிலிருந்து பால் கொடுக்கவில்லை. வேனுக்கு அந்தப் பக்கம் போய், மரத்தைப் பார்த்து நின்று, கைக்குட்டையில் பீய்ச்சினேன். இரண்டு ஆண்களும் சொல்லி வைத்தாற்போல ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். புட்டிப்பால் முன்னாலேயே பழக்கியிருக்க வேண்டும். பழக்காதது என் தப்பு. கூட்டி வந்திருந்தால் அது இதைவிடப் பெரிய தப்பு. இப்படியே நினைத்துக்கொண்டு பாக்கி வழி போனது.

செரியாவில் முதலில் கண்ணில் பட்டவை எண்ணெய் இறைக்கிற இரும்பு எந்திரங்கள். வீட்டுத் தோட்டத்தில் ஒன்று, விளையாட்டுத் திடல் ஓரத்தில் ஒன்று என்று தலையை ஆட்டி ஆட்டி இறைத்துக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே துணி காய்ந்தது. ஊரில் குழாய் அளக்க வந்தபோது நாங்கள் பெண்களெல்லாம் முழங்கால் சேற்றில் பயிருக்குள் இறங்கி வரிசையாக நின்றோம், நான் நிறை மாதம். இங்கே இத்தனை எந்திரம் இருந்தும் மரம் பச்சையாகத்தான் இருக்கிறதே, நாம்தான் வீணாகப் பயந்தோமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகுதான் கவனித்தேன், அந்த ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வயல் இல்லை. அரிசி வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றான் செல்லதுரை.

ராத்திரிச் சாப்பாடு பழுப்புக் காகிதப் பொட்டலம். சோறு, ஒரு துண்டு பொரித்த கோழி, சிவப்பாக மிளகாய் அரைத்த ஒரு சம்பல். அந்த நாட்டில் ஏழை பணக்காரர் எல்லோரும் சாப்பிடுவது அதுதானாம். தீட்டுக் காலத்தில் கறி தொடக் கூடாது என்று கோழியை ஒதுக்கிவிட்டுச் சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டேன். செல்லதுரை தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"அதுலயும் நெத்திலி அரைச்சிருப்பாங்கக்கா."

பொட்டலத்தை எறியவும் மனசில்லை, பால் கொடுக்கிற உடம்புக்குச் சோறும் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

வெள்ளிக்கிழமை அங்கே சர்க்கார் ஆபீஸ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. அதனால் அடையாளம் காட்டுவது சனிக்கிழமை என்று வைத்திருந்தார்கள். ஒரு நாள் முழுக்கச் சும்மா இருக்க வேண்டும். காலையில் செல்லதுரை ஒரு ரொட்டிக் கடைக்குக் கூட்டிப் போனான். கடைக்காரர் கூத்தாநல்லூர் பாய். டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நம்ம கலியமூர்த்தி தங்கச்சியா? வாம்மா. நல்ல புள்ள. வாரத்துக்கு ஒரு தரம் வந்து, 'பாய், தஞ்சாவூர் பக்கத்து ஆளு மாரி பேசுங்க, கேட்டுட்டுப் போறேன்'னு உக்காந்துக்குவான்." டீயை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சொந்தப் பேர்லதான வந்தான்?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி விடு, கேக்கல. எனக்கே இங்க தாள்ல நாலு வயசு கூட. எங்க மாமன் வயசு அது."

பன்னிரண்டு மணிக்கு ஊரே அடைத்துவிட்டது. தொழுகை நேரத்தில் கடை, ஓட்டல், பெட்ரோல் பங்க் எதுவும் கிடையாது. இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். வெயிலில் ஆளில்லாத தெரு. மதுக்கடை என்பதே நாட்டில் இல்லை. அரசாங்கமே கடை வைத்து ஊற்றுகிற ஊரிலிருந்து போன எனக்கு அந்த அமைதி நம்ப முடியாததாக இருந்தது. குடிக்காத ஊர், குடிக்காத தம்பி, பட்டப்பகலில் நிதானமாக ஏறிய சாரம். அதுவும் சரிந்துதான் போனது.

திறந்திருந்த ஒரே இடம் தொழிலாளர் குடியிருப்பு. செல்லதுரை தம்பியின் அறையைக் காட்டினான். எட்டுக் கட்டில். தம்பியின் கட்டில் தலைமாட்டில் கலியமூர்த்தி என்று இங்கிலீஷில் சீட்டு ஒட்டியிருந்தது. சுவரில் மன்னார்குடி ஜவுளிக்கடைக் காலண்டர். ஒரு கைலி, இரண்டு சட்டை, என் மகளுக்கு என்று வாங்கி வைத்த ரப்பர் வாத்து. பெட்டியின் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

கடிதம் ஏதாவது இருக்கும் என்று திறந்தேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. கலியமூர்த்தி என்று இங்கிலீஷில் அண்ணன் போடுகிற கையெழுத்து. முதல் பக்கத்தில் எழுத்துக் கூட்டிக் கோணலாக. போகப் போக வேகமாக. கடைசியில் அண்ணனே போட்டது போல அந்த 'எம்'முக்குக் கீழே ஒரு சுழியோடு. எட்டாவதில் இங்கிலீஷ் பேப்பரில் பூஜ்ஜியம் வாங்கி, என்னிடம் அடி வாங்கியவன். இதை யாரும் சொல்லித் தராமல் பழகியிருக்கிறான். அவனுடைய பெயரைத் தேடினேன். ஒரு பக்கத்திலும் இல்லை.

செல்லதுரை கதவோரம் நின்றான். "அக்கா, அவரு பேரு இளங்கோவன்னு எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"அவருதான். ஒரு தடவ காய்ச்சல்ல கெடந்தாரு. தண்ணி குடுக்குறப்ப, 'டேய், என்னை ஒரு தரம் இளங்கோன்னு கூப்புடுடா'ன்னாரு. கூப்புட்டேன். 'இன்னொரு தரம்'ன்னாரு. மறுநா ஒண்ணும் நடக்காத மாரி வேலைக்கு வந்துட்டாரு. நானும் கேட்டுக்கல."

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்தை இங்கிலீஷில் மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்துகிறவள் நான். 'இவர் என் சகோதரர்' என்று சொல்லிவிட்டால் போதும். மூத்தவனா இளையவனா என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் தாளில் இருக்கிறது. நான் சொல்லப் போவது பொய்யும் இல்லை. இப்படி ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

சவக்கிடங்கு சுத்தமாக, குளிராக இருந்தது. துணியை விலக்கினார்கள். நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தது. தாடி வைத்திருந்தான். வீடியோவில் பேசும்போது தாடி இல்லையே, எப்போது விட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகை வரவில்லை. பால் வந்தது. ரவிக்கை நனைந்து, புடவை நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

பக்கத்து அறையில் ஒரு மலாய் அம்மா, தலையில் முக்காடு போட்ட அதிகாரி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டி எழுதினார். பிறகு படிவத்தைப் பார்த்து மலாயில் ஒன்று கேட்டார். செல்லதுரை என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அண்ணனா தம்பியான்னு கேக்கறாங்கக்கா. இவங்க பாஷைலயும் நம்மள மாரி ரெண்டு தனித்தனி."

"தம்பி" என்றேன்.

வாய் தவறியதா, வேண்டுமென்றே சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு உடலை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்து, உயிரோடு இருக்கிற அண்ணனைச் சொல்ல நாக்கு புரளவில்லை என்பது மட்டும் தெரியும். செல்லதுரை மொழிபெயர்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு அந்த ஒரு தமிழ் வார்த்தை பழக்கம் போலிருக்கிறது. அவருடைய ஊரில் கடைக்காரர்கள், கொத்தனார்கள் எல்லோரையும் எங்கள் ஆட்கள் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். இறந்தவனின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். தாளில் அவன் என்னைவிட நாலு வயது பெரியவன். பேனாவைக் கீழே வைத்தார்.

செல்லதுரை காதோரம் குனிந்தான். "அக்கா, பதட்டத்துல மாத்தி சொல்லிட்டேன்னு சொல்லிருங்க. நாளைக்கு ப்ளைட்டுல ஏத்திரலாம்."

அந்த அம்மா இங்கிலீஷில் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: "சகோதரி, திருத்த வேண்டியது ஏதாவது இருக்கிறதா?"

எனக்கு அவர் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பது புரிந்தது. எந்தப் பக்கம் போனாலும் அவர் தடுக்கப் போவதில்லை. அம்மாவை நினைத்தேன். கோர்ட்டில் பண்ணையின் பேரன் நீட்டப் போகிற சர்டிபிகேட்டை நினைத்தேன். நாற்பது பக்கமும் நினைவுக்கு வந்தது.

"இருக்கிறது. பெயர் தப்பு" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூட அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும், இனி இதை மேலே அனுப்பத்தான் வேண்டும், இங்கே போலீஸ், அங்கே உங்கள் அரசாங்கம், அதுவரை உடலைத் தர எனக்கு அதிகாரம் இல்லை என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுதி, சரியா என்று என்னிடம் காட்டிவிட்டு, கோப்பின் மேல் குத்தி வைத்தார்.

வெளியே வந்ததும் செல்லதுரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். வேனில் ஏறும்போது மட்டும், "நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும்" என்றான். அவன் கண்ணில் கோபமா, பயமா? அவன் எந்தப் பெயரில் வந்திருக்கிறானோ. அதை நான் யோசிக்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "சொல்லிட்டேண்ணே" என்றேன். அவன் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"எப்ப வருவானாம்?"

"தெரியாதாம்."

"சரி. நீ பத்திரமா வந்து சேரு."

ஞாயிற்றுக்கிழமை, போன பையோடு மட்டும் கிளம்பினேன். அதே டிரைவர். விமான நிலைய வாசலில் அவர் தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க ஆளில்லை.

தம்பி வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. அவன் பெயரிலேயே வந்தான். பாஸ்போர்ட் மோசடி என்று அண்ணன் மேல் கேஸ் இருக்கிறது, இன்னும் நடக்கிறது. நிலத்து வழக்கும் நடக்கிறது.  ஆனால் அந்தப் பயணம் எனக்கு முடிந்தது திங்கட்கிழமை காலையில், எங்கள் வீட்டு வாசலில்.

பந்தல் போட்டிருந்தது. அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டி கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. கட்சி வட்டச் செயலாளர் மாலையோடு வந்து உட்கார்ந்திருந்தார். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் எல்லோரும் எழுந்து, எனக்குப் பின்னால் வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்கள்.

அம்மா வாசற்படியில் நின்றாள். "எங்கடி?"

"வரலம்மா. இளங்கோ பேர்லயே வருவான். நாளாகும்."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் ஐஸ் பெட்டி சுவிட்சை அணைத்தான். அந்த ஓசை நின்றதும்தான் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அண்ணன் சட்டையை மாட்டினான். தாலுகா ஆபீஸுக்குப் போக வேண்டும். கலியமூர்த்தி உயிரோடு இருக்கிறான் என்று எழுதி வாங்கி அனுப்பினால்தான் அங்கே வேலை நகரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் உடலை எடுக்கிறவரை அடுப்பு மூட்ட மாட்டார்கள். செய்தி வந்து ஒன்பது நாள். ஒன்பது நாளும் தெருவில்தான் மாற்றி மாற்றிச் சோறு கொடுத்திருந்தார்கள். அண்ணன் தாள்களை எடுத்து அடுக்கும்போது அம்மா எழுந்தாள். அரசாங்கம் கொடுத்த கேஸ் அடுப்பின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்து, பற்றவைத்து, உலைப்பானையை ஏற்றினாள்.

எதிர்வீட்டு அத்தை பதறிப்போய் வந்தாள். "என்ன அண்ணி, இன்னும் எடுக்கவே இல்லையே, அடுப்பு மூட்டுறீங்க?"

"அவன் வர்ற அன்னிக்கு அணைச்சுக்கறேன்" என்றாள் அம்மா. பெரியவனே என்றுதான் அவள் எப்போதும் அண்ணனைக் கூப்பிடுவாள். அன்றைக்குப் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"கலியமூர்த்தி! உக்காருடா. சோறு தின்னுட்டுப் போ."